நிறுத்திவைத்த ஹைப்ரிட் கார்: 12 வோல்ட் பேட்டரியை எந்த வழியில் காப்பாற்றுவது?

ஹைப்ரிட் காரை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவிட்டால் முதலில் சாவது சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி அல்ல. டிக்கியின் ஓரத்திலோ, பின்சீட்டுக்கு அடியிலோ, பானெட்டுக்குள்ளோ இருக்கும் சின்ன 12 வோல்ட் துணை பேட்டரிதான். அதைச் சார்ஜோடு வைத்திருக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. வாரம் ஒருமுறை காரை ரெடி நிலையில் (பட்டனை அழுத்தி, ஓட்டத் தயாரான நிலையில்) விடலாம், நிறைந்ததும் தானே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் மாட்டலாம், சோலார் பேனல் வைக்கலாம், மைனஸ் டெர்மினலைக் கழற்றலாம். எதுவுமே செய்யாமல், இறங்கிய பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் காரை எழுப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எது உங்களுக்கு என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானித்துவிடும்: கார் எத்தனை நாள் நிற்கப்போகிறது? நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் உண்டா?

பிளக் எட்டும் தூரத்தில் இருந்தால் ஸ்மார்ட் சார்ஜர், வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. பிளக் இல்லை, ஆனால் வாரம் ஒருமுறை யாராவது வந்து பார்க்க முடியும் என்றால் ரெடி நிலை. யாரும் வரமுடியாது, மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் மைனஸைக் கழற்றுவது. சோலாரும் ஜம்ப் ஸ்டார்ட்டரும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவற்றையே நம்பி இருக்கக் கூடாது. ஏன் இந்த வரிசை, ஒவ்வொன்றும் எங்கே காலை வாரும் என்பதுதான் கீழே.

சின்ன பேட்டரிக்கு என்ன வேலை

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரி ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவேண்டும். முழு ஹைப்ரிட்டில் (மின் மோட்டாரால் மட்டுமேகூட ஓடக்கூடிய வகை) பொதுவாக அந்தச் சுமை அதற்கு இல்லை. என்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியிலிருந்து வரும் உயர் மின்னழுத்தம் (இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் அது 201.6 வோல்ட்). துணை பேட்டரி கணினிகளை எழுப்ப வேண்டும், பிரேக் பம்பை ஓட்ட வேண்டும், பெரிய பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, மூட வேண்டும். அதற்குப் பிறகு டி.சி.–டி.சி. கன்வெர்ட்டர் என்ற பெட்டி பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 13.8 முதல் 14.5 வோல்ட் அளவுக்கு இறக்கித் துணை பேட்டரிக்குத் தருகிறது. இந்தக் கார்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது.

ரிலேக்கள் மூடாதவரை பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை, அது சின்னவனுக்கு உதவிக்கு வர முடியாது. இன்னொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெட்ரோல் காரில் பேட்டரி தளரும்போது என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும், ஓட்டுபவருக்குச் சில வாரம் முன்பே தெரிந்துவிடும். ஹைப்ரிட்டில் அந்த எச்சரிக்கை கிடையாது. 11.9 வோல்ட்டில்கூடக் கார் வழக்கம்போல் எழுந்துவிடும். பிறகு ஒரு நாள் டேஷ்போர்டில் பிரேக், ஸ்டியரிங், ஹைப்ரிட் சிஸ்டம் என்று எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரியும், ரிலே டிக் டிக் என்று அடிக்கும், ரெடி விளக்கு மட்டும் வராது. பெரிய பழுது என்று பயந்து காரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்தான்.

நிறுத்திய காரும் முழுமையாகத் தூங்குவதில்லை. அலாரம், ஸ்மார்ட் கீயைத் தேடும் ரிசீவர், கடிகாரம், தொலைத்தொடர்புப் பெட்டி எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை உறிஞ்சுவது வழக்கம். 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு 5, மாதத்துக்கு 21.6. ஹைப்ரிட்களின் துணை பேட்டரி பல கார்களில் 35 முதல் 45 ஆம்பியர்-மணிதான். ஆக, ஒரே மாதத்தில் பாதி காலி. நான்கு வயதான பேட்டரியில் உண்மையான கொள்ளளவு அதைவிடக் குறைந்திருக்கும் என்பதால் மூன்றாவது வாரமே கணக்கு முடிந்துவிடலாம்.

வழிகளை ஒப்பிடும் முன் செய்யவேண்டிய வேலை இந்த உறிஞ்சலைக் குறைப்பது. டேஷ்கேமின் பார்க்கிங் முறை 300 மில்லிஆம்பியர் சுற்றளவில் இழுக்கும், காரின் சொந்த உறிஞ்சலைப்போல் பத்து மடங்கு. அதை நிறுத்துங்கள். ஓ.பி.டி. சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் கருவியைச் செருகும் இடம்) புளூடூத் கருவி குத்தியிருந்தால் பிடுங்குங்கள், சில கார்களில் அது கணினிகளைத் தூங்கவே விடாது. ஸ்மார்ட் கீயைக் காரிலிருந்து சில மீட்டராவது தள்ளி வையுங்கள். சாவி பக்கத்திலேயே இருந்தால் காரும் சாவியும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும், இரண்டின் பேட்டரியும் தேயும். டிக்கி விளக்கு அணைகிறதா என்று உள்ளே போனை வீடியோவில் வைத்துச் சாத்திப் பார்த்துவிடலாம்.

அளக்காமல் தொடங்க வேண்டாம்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரி டிக்கியில் இருந்தாலும் பல மாடல்களில் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனை ஒன்று இருக்கும். ஒரு கம்பியை அதில், மறு கம்பியை பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்து அளக்கலாம்.

இங்கே ஒரு தவறு சகஜம். கதவைத் திறந்தவுடன் கார் விழித்து ஆம்பியர் கணக்கில் இழுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் அளந்தால் 12.6 உள்ள பேட்டரி 12.2 என்று காட்டும். பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளைச் சாத்திப் பூட்டி, சாவியை அப்பால் எடுத்துப்போய், அரை மணி நேரம் கழித்து அளங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இப்போதுதான் ஓட்டி நிறுத்திய காரில் அளந்தால் மேற்பரப்பு சார்ஜ் (தகடுகளின் மேல் தற்காலிகமாகத் தங்கும் சார்ஜ்) காரணமாக 13க்கு மேல்கூடக் காட்டும். ஓட்டிய பிறகு சில மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு, ஆறவிட்டு எடுத்த அளவே உண்மை.

ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய வகை) முழுதாக இருக்கும்போது 12.8 முதல் 12.9 வோல்ட் காட்டும். திரவ அமிலம் உள்ள சாதாரண பேட்டரியில் அது 12.6 முதல் 12.7. சாதாரண பேட்டரியில் 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. ஏ.ஜி.எம்.மில் ஒவ்வொரு படிக்கும் 0.1 முதல் 0.2 வோல்ட் கூடுதலாக இருக்கும். 12.4க்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகத் தொடங்கும். இறுகியது திரும்பிக் கரையாது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஆகவே கார் எழுந்திருக்கிறதா என்பதோடு நிற்காமல், ஓய்வு வோல்ட்டேஜை 12.5க்கு மேலேயே வைத்திருப்பதுதான் நோக்கம்.

வழி ஒன்று: ரெடி நிலையில் விடுவது

காசு செலவில்லை, கருவி வேண்டாம், எந்த முனையையும் தொட வேண்டாம். அதனால்தான் இது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. சரியாகச் செய்தால் போதுமானதும்கூட. கஷ்டம் என்னவென்றால், இதைத் தவறாகச் செய்பவர்கள் நிறைய.

முறை இது: காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கியர் ‘பி’யில், பார்க்கிங் பிரேக் போட்டபடி. பிரேக் பெடலை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். ‘ரெடி’ என்ற விளக்கு நிலையாக எரிய வேண்டும். முகப்பு விளக்கு, பின்கண்ணாடி சூடேற்றி, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். வாரம் ஒருமுறை.

பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் கார் துணைக்கருவி நிலைக்குத்தான் போகும். இன்னொரு முறை அழுத்தினால் ‘ஆன்’. திரை எரியும், ஃபேன் ஓடும், கார் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். ஆனால் டி.சி.–டி.சி. கன்வெர்ட்டர் வேலை செய்யாது. ‘ஆன்’ நிலையில் கணினிகளும் பம்புகளும் சேர்ந்து பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கலாம். சார்ஜ் ஏற்றுவதாக நினைத்து ஒரு மணி நேரம் விட்டவர், இரண்டு வாரம் நிறுத்தியதற்குச் சமமான சார்ஜைத் தீர்த்திருப்பார். விளக்கில் ‘ரெடி’ இல்லை என்றால் சார்ஜ் இல்லை, இதில் விதிவிலக்கு பார்க்க வேண்டாம்.

கியரை ‘என்’னில் விடுவதும் கூடாது. பல ஹைப்ரிட்களில் நியூட்ரலில் என்ஜின் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. கன்வெர்ட்டர் பெரியதிலிருந்து எடுத்துச் சின்னதுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க, பெரியது தீர்ந்துபோகும். அதை வெளியிலிருந்து எழுப்புவது சாதாரண வேலை அல்ல.

ஏன் ஒரு மணி நேரம், ஏன் வாரம் ஒருமுறை? வாரத்தில் போவது சுமார் 5 ஆம்பியர்-மணி என்று பார்த்தோம். ஓரளவு நிறைந்த பேட்டரி முதல் அரை மணியில் நன்றாக உள்வாங்கும், பிறகு போகப்போகக் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். இதையே மாதம் ஒருமுறை நான்கு மணி நேரமாகச் செய்தால் அதே பலன் கிடைக்காது. பாதி காலியான ஈய பேட்டரியின் கடைசி 20 சதவீதம் ஏற மிகவும் மெதுவாக, மணிக்கணக்கில், ஆகும். அதுவரை சல்பேட் படிவுக்கும் அவகாசம் கிடைத்திருக்கும். பத்து நிமிடம் ரெடியில் வைத்து எடுப்பது, கதவு திறந்தது, கணினிகள் விழித்தது என்ற செலவுக்கே சரியாகப் போய்விடும்.

ஆபத்து ஒன்று உண்டு, சொல்லியே ஆக வேண்டும். ரெடி நிலையில் கார் சத்தமே போடாது. அணைத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். பெரிய பேட்டரி இறங்கியதும் என்ஜின் தானாகவே ஓடத் தொடங்கும். மூடிய கேரேஜில், அதுவும் வீட்டோடு ஒட்டிய கேரேஜில், இது கார்பன் மோனாக்சைடு விஷம். வாசனையில்லாத வாயு, உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. கதவைப் பாதி திறந்து வைப்பது தீர்வல்ல, காரை வெளியே எடுங்கள். ரெடியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போகவும் வேண்டாம். காரை யாராவது ஓட்டிக்கொண்டு போகவும் முடியும், சில மாடல்கள் சற்று நேரத்தில் தாமாகவே அணைந்தும்விடும்.

முடிந்தால் நிறுத்திவைத்து ரெடியில் விடுவதைவிட அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவதே மேல். என்ஜின் முழுச் சூட்டுக்கு வரும், எண்ணெயிலும் எக்ஸாஸ்டிலும் தேங்கிய ஈரம் ஆவியாகும், பிரேக் டிஸ்க்கில் துரு உதிரும், டயர் ஒரே இடத்தில் அழுந்தாது. பெரிய பேட்டரிக்கும் இது தேவை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதற்குச் சார்ஜ் ஏற வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. பின்வரும் எந்த வழியும் பெரிய பேட்டரிக்கு எதையும் செய்யாது என்பதை நினைவில் வையுங்கள்.

வழி இரண்டு: ஸ்மார்ட் சார்ஜர்

பேட்டரியை உண்மையிலேயே நூறு சதவீதத்தில் வைத்திருக்கக்கூடிய ஒரே வழி இது. மாதக்கணக்கில் மாட்டி விடலாம். ஆனால் எந்த சார்ஜர், எங்கே மாட்டுவது என்ற இரண்டிலும் கவனம் வேண்டும்.

காருக்குள் பேட்டரி வைத்த ஹைப்ரிட்களில் அது பெரும்பாலும் ஏ.ஜி.எம். வகை. அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும், மூடி திறக்க முடியாது, இழந்த நீரை மறுபடி ஊற்றவும் முடியாது. அதிக வோல்ட்டேஜ் கொடுத்தால் வால்வு வழியாக வாயு வெளியேறி, பேட்டரி உள்ளுக்குள் காய்ந்துவிடும். அதனால் சார்ஜரின் உச்சம் 14.4 முதல் 14.7 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும், நிறைந்தபின் 13.2 முதல் 13.8க்குள் ஒரு மிதவை வோல்ட்டேஜுக்கு (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் அளவு) இறங்க வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் 15, 16 வோல்ட் வரை ஏற்றிக்கொண்டே போகும். அவற்றை ஹைப்ரிட் பக்கம் கொண்டுவர வேண்டாம். நல்ல சார்ஜர்களிலேயே ‘ரீகண்டிஷன்’, ‘ரிப்பேர்’ என்று ஒரு பட்டன் இருக்கலாம். அது 15.8 வோல்ட் வரை போகும். பேட்டரி காரோடு இணைந்திருக்கும்போது அதைத் தொடக்கூடாது, கணினிகள் அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல.

எத்தனை ஆம்பியர்? காத்து வைப்பதற்கு மட்டும் என்றால் 0.8 அல்லது 1 ஆம்பியர் தாராளம், காரின் உறிஞ்சல் அதில் முப்பதில் ஒரு பங்குதான். இறங்கிய பேட்டரியை ஏற்றவும் வேண்டும் என்றால் 4 ஆம்பியர் வகை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய விதி இந்தச் சின்ன பேட்டரிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 10, 15 ஆம்பியர் சார்ஜர் வாங்கினால் வேகமாக முடியும் என்பது உண்மைதான், ஆனால் 40 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம்.முக்கு அது சூடு. வெப்பமான இடத்தில் கார் நிற்கும் என்றால் வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டேஜைக் குறைக்கும் சார்ஜராகப் பாருங்கள். 25 டிகிரியில் 13.6 தேவைப்படும் பேட்டரிக்கு 40 டிகிரியில் சுமார் 0.36 வோல்ட் குறைவாகவே வேண்டும்.

இணைக்கும் வரிசை முக்கியம். கார் முழுதாக அணைந்திருக்க வேண்டும். முதலில் பிளஸ் கிளிப், பிறகு மைனஸ் கிளிப், கடைசியில்தான் சுவரில் பிளக். எடுக்கும்போது நேர் எதிர்: பிளக், மைனஸ், பிளஸ். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரக்கூடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். கிளிப்பைப் பிடுங்கும்போது வரும் பொறி பேட்டரியின் மேல் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை.

மைனஸை எங்கே மாட்டுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். புதிய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும், உள்ளே போவதும் வெளியே வருவதும் அதன் வழியாகத்தான் எண்ணப்படும். கிளிப்பை நேராக மைனஸ் முனையில் மாட்டினால் சார்ஜ் சென்சாரைத் தாண்டி உள்ளே போய்விடும். கணக்குத் தப்பிய கார், பேட்டரி இன்னும் இறங்கியே இருக்கிறது என்று நம்பும். எனவே பெயின்ட் இல்லாத பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். சென்சார் இல்லாத காரிலும் அதில் கெடுதல் இல்லை.

பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருந்தால் ஒவ்வொரு முறையும் கிளிப்போடு போராட வேண்டாம். 6 மில்லிமீட்டர் துளையுள்ள வளைய முனைகள் கொண்ட நிரந்தர வயரை பிளஸ் முனையிலும் எர்த் போல்ட்டிலும் திருகி, மறுமுனை பிளக்கை எட்டும் இடத்துக்கு இழுத்துவிடலாம். அந்த வயரின் பிளஸ் பக்கத்தில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸை மறுகோடியில் வைத்தால் நடுவில் வயர் நசுங்கும்போது அது காப்பாற்றாது. கதவு, டிக்கி விளிம்புகளில் வயர் நசுங்காத வழியாகக் கொண்டுபோங்கள். மழை படும் இடத்தில் நீட்டிப்பு வயர் போடுவதாக இருந்தால் கசிவு பிரேக்கர் (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள சுற்றிலிருந்துதான்.

சில கையேடுகள் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வெளி சார்ஜர் மாட்ட வேண்டும் என்று சொல்லும். உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் அதுவே முடிவு.

வழி மூன்று: சோலார் பேனல்

கணக்கு அழகாக இருக்கும், நடைமுறை அவ்வளவு அழகில்லை. 10 வாட் பேனல் நேரடி வெயிலில் அரை ஆம்பியருக்கு மேல் தரும். விண்ட்ஷீல்டுக்குப் பின்னால், சாய்ந்த கோணத்தில், தூசியோடு வைத்தால் 0.2 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். நல்ல வெயில் நான்கு மணி நேரம் என்றால் 0.8 ஆம்பியர்-மணி. காரின் ஒரு நாள் உறிஞ்சல் 0.72. சரிக்குச் சரி, மேகமூட்டமான வாரத்தில் நஷ்டம். 2, 3 வாட் பேனல்கள் இந்த வேலைக்கு அலங்காரம்தான். 10 முதல் 20 வாட் எடுங்கள், ஏ.ஜி.எம்.முக்கான கன்ட்ரோலரோடு. கன்ட்ரோலர் இல்லாத பேனல் நடுப்பகலில் வோல்ட்டேஜை உயர்த்திவிடும், தடுப்பு டையோடும் இல்லாவிட்டால் இரவில் பேட்டரியிலிருந்து திருப்பி உறிஞ்சும்.

இன்னொரு ஏமாற்றம் இணைப்பில் வரும். பேனலோடு சிகரெட் லைட்டர் பிளக் கொடுப்பார்கள். பல கார்களில் அந்த சாக்கெட் கார் அணைந்ததும் துண்டிக்கப்படும். பேனல் விளக்கு எரியும், பேட்டரிக்கு ஒன்றும் போகாது. கார் அணைந்து பத்து நிமிடம் கழித்து சாக்கெட்டில் 12 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன ஃபியூஸ் வைத்த வளைய வயர்தான் வழி. திறந்த வெளியில், பிளக் இல்லாமல், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் நிற்கும் காருக்கு மட்டும் சோலாரைப் பரிந்துரைக்கலாம். நிழலில் நிற்கும் காருக்கு வேண்டவே வேண்டாம்.

வழி நான்கு: மைனஸைக் கழற்றிவிடுவது

கழற்றிய ஏ.ஜி.எம். பேட்டரி தானாக இழப்பது மிதமான வெப்பத்தில் மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான். மூன்று மாதம் நின்றாலும் பெரிய இழப்பில்லை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும், அதனால் வெயிலில் நிற்கும் காருக்கு இந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று போதும். காரை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, மைனஸை மட்டும் கழற்றி, துணி சுற்றி முனையில் படாமல் ஒதுக்கி வையுங்கள். பிளஸைத் தொடவே வேண்டாம். மைனஸ் இருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி. ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்தம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இதற்கு விலை உண்டு. அலாரம் இல்லை, ரிமோட் பூட்டு இல்லை, கடிகாரமும் ரேடியோ நினைவும் போகும், பவர் விண்டோவின் தானியங்கி இறக்க ஏற்றத்தை மறுபடி பழக்க வேண்டும். சில ஆடியோக்கள் ரகசிய எண் கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எல்லாவற்றையும்விட, பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறக்கும் மாடலாக இருந்தால், மைனஸைக் கழற்றிவிட்டுச் சாத்தினால் டிக்கி திறக்காது. அப்படி ஆகிவிட்டால், சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டைத் திறந்து, அங்குள்ள பிளஸ் முனைக்கும் பாடிக்கும் 12 வோல்ட் கொடுத்தால் டிக்கி பூட்டு வேலை செய்யும். அந்த இரும்புச் சாவி கதவில் சுற்றுகிறதா என்று இப்போதே ஒருமுறை முயன்று பாருங்கள். பயன்படுத்தாமலே துருப்பிடித்துப்போன பூட்டுகள் நிறைய.

ஜம்ப் ஸ்டார்ட்டர்: பராமரிப்பு அல்ல

ஹைப்ரிட்டை எழுப்பப் பெரிய ஜம்ப் ஸ்டார்ட்டர் தேவையில்லை. என்ஜினைச் சுழற்ற வேண்டாமே. கையளவு லித்தியம் பெட்டி போதும். அதனால் ‘இறங்கினால் எழுப்பிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடத் தோன்றும். ஒவ்வொரு முறை அடிமட்டம் தொடும்போதும் பேட்டரி தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்கிறது. சில தடவைகளில் புது பேட்டரி வாங்க வேண்டிவரும். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையும் சார்ஜ் செய்யுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

பயன்படுத்தும்போது பிளஸ், மைனஸ் மாறினால் சாதாரண காரைப்போல ஒரு பொறியோடு போகாது. முதன்மை ஃபியூஸ் போகலாம், கன்வெர்ட்டரும் கணினிகளும் போகலாம். மாட்டும் முன் இரண்டு முறை பாருங்கள். முற்றிலும் செத்த பேட்டரியை (சில வோல்ட்டுக்குக் கீழே) ஸ்மார்ட் கிளிப் அடையாளம் காணாது, ‘பூஸ்ட்’ பட்டனை அழுத்த வேண்டிவரும். பூஸ்ட் நிலையில் தலைகீழ்ப் பாதுகாப்பு வேலை செய்யாத பெட்டிகள் உண்டு. உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து இன்னொரு பெரிய காரை ஜம்ப் செய்வதையும் தவிருங்கள். அங்கே ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு உங்கள் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் ஏற்றவை அல்ல.

ரெடி விளக்கு வந்தவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று அரை மணியில் அணைத்துவிட்டால் மறுநாள் அதே கதை. அடிமட்டம் தொட்ட பேட்டரிக்கு 4 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கத் தேவை. 10.5 வோல்ட்டுக்கு மிகவும் கீழே போயிருந்தால் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் ஏற்க மறுக்கும். அப்போது காரை எழுப்பி ரெடியில் சிறிது ஏற்றிவிட்டு, பிறகு சார்ஜரை மாட்டுங்கள்.

இந்த ஒப்பீட்டுக்குள் வராத கார்கள்

ஹூண்டாய் அயானிக், கியா நீரோ ஹைப்ரிட்களில் சிலவற்றில் 12 வோல்ட் பகுதியும் லித்தியம்தான், பெரிய பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே சேர்ந்திருக்கும். அவற்றில் ஈய பேட்டரி சார்ஜர் மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. இறங்கும் முன் அது தானே துண்டித்துக்கொள்ளும். டேஷ்போர்டில் ‘12வி பேட் ரீசெட்’ பட்டனை அழுத்தி, 15 வினாடிக்குள் காரை ரெடிக்குக் கொண்டுவந்து, அரை மணிக்கு மேல் விட வேண்டும். பிளக்–இன் ஹைப்ரிட்கள் சில சார்ஜ் ஆகும்போது 12 வோல்ட்டையும் சேர்த்து ஏற்றும். ஆனால் ஏறி முடிந்தபின் வெறுமனே பிளக்கில் கிடந்தால் துணை பேட்டரியைக் கவனிக்காத மாடல்களும் உண்டு. மீட்டரில் ஒரு வாரம் பார்த்தால் உங்கள் கார் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். ஹோண்டாவின் ஐ.எம்.ஏ. என்ற பழைய ஹைப்ரிட் வகைகளில் தனி 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் இருப்பதால் அங்கே பேட்டரியின் சுமையும் அளவும் வேறு.

எதுவும் உதவாத நிலை

சார்ஜரில் ஓர் இரவு வைத்து, எடுத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகும் ஏ.ஜி.எம். பேட்டரி 12.5ஐத் தொடவில்லை என்றால் அதற்கு வயதாகிவிட்டது. இன்னொரு சோதனை: ‘ஆன்’ நிலையில், ரெடி இல்லாமல், முகப்பு விளக்கும் ஃபேனும் போட்டு ஒரு நிமிடம் பாருங்கள். 11.5க்குக் கீழே சரசரவென இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பராமரிப்பு வழிகளைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

மாற்றும்போது காருக்குள் இருக்கும் பேட்டரிக்குப் பதிலாக விலை குறைவு என்று திரவ அமில வகையை வைக்கக்கூடாது. அதன் வாயு பயணிகள் உட்காரும் இடத்தில்தான் சேரும். ஏ.ஜி.எம்.மே வாங்குங்கள், வாயுவை வெளியே விடும் காற்றுக்குழாய் மாட்டும் துளை உள்ளதாக. முனைகள் இடமா வலமா, பருமன் என்ன என்று பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மாற்று பேட்டரிகள் எடை குறைவு, தானாக இறங்குவதும் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, ஓய்வு வோல்ட்டேஜ் 13.3 சுற்றளவில் இருப்பதால் மேலே சொன்ன அளவுகளெல்லாம் பொருந்தாது, வீட்டில் உள்ள ஈய பேட்டரி சார்ஜரின் சல்பேட் நீக்கும் துடிப்புகள் அதற்கு ஆகாது. நீண்ட நாள் நிறுத்தும் காருக்கு இந்த மாற்றம் தேவையற்ற தலைவலி என்பதே எங்கள் கருத்து.

புது பேட்டரியை வைத்தபின் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பழையதிலிருந்து கழற்றிய காற்றுக்குழாயை மறக்காமல் புதியதில் செருகி, மறுமுனை காருக்கு வெளியே போகிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.